வாடை நிற்கட்டும்

காற்றுக்கு நாங்கள் சொல்லும் பேர்கள் எல்லாம் நாகூர்க் கரையில் வைத்த பேர்கள். வடக்கிலிருந்து அடித்தால் வாடை, மேற்கிலிருந்து அடித்தால் கச்சான். பினாங்குக்குக் கப்பல் ஏறினபோது கைலி சட்டையோடு இந்தப் பேர்களையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். கைலி கிழிந்துபோயிற்று. பேர் கிழியவில்லை. நெய்னா முகம்மது கெட்டது அந்தப் பேரால்தான்.

வெல்ட் கீ துறையில் சரக்குத் தோணியில் வேலை செய்தவர்களில் அவனைத் தெரியாதவர் கிடையாது. நெட்டையான ஆள், கொஞ்சம் கூன். பேச்சு ரொம்பக் குறைவு. நானும் அவனும் பல வருஷம் ஒரே தோணியில் துடுப்புப் போட்டோம். இங்கே எழுதுவதில் பாதி அவன் வாயால் வந்தது. மீதி, அவன் பக்கத்து வீட்டில் இருந்த சலேஹா சொன்னது.

நாகூரில் கச்சான் சாதுவான காற்று. நிலத்துப் பக்கமிருந்து வரும், கடலைத் தட்டையாக்கும். வாடை அப்படி இல்லை. கார்த்திகை பிறந்து வாடை கட்டிவிட்டால் தோணிகளை மேட்டில் ஏற்றிக் கவிழ்த்துவிடுவார்கள். அது திறந்த கடலிலிருந்து வரும் காற்று, குளிரோடு ஆளையும் கொண்டுபோகும். நெய்னாவின் வாப்பாவும் அண்ணனும் ஒரு கார்த்திகையில், “இன்னிக்கு ஒரு நாள்தானே” என்று போனார்கள். தோணியின் பலகை ஒன்று மட்டும் காரைக்கால் பக்கம் ஒதுங்கியது. அப்போது நெய்னாவுக்கு மீசை முளைக்கவில்லை. அன்றைக்குப் பிறகு வாடை அடிக்கிற நாளில் அவன் கடலில் காலைக்கூட நனைத்தது இல்லை.

ஜெர்மன்காரன் சண்டைக்கு முந்தின வருஷம், வைகாசியில், அவனும் அவன் பொஞ்சாதி ஹபீபா பீவியும் பினாங்கு வந்தார்கள். பத்து கவானில் ஒரு தென்னந்தோப்பில் வேலை. பத்து கவான் என்பது பினாங்குக்குக் கிழக்கே பெருநிலத்தை ஒட்டிக் கிடக்கிற தீவு, நடுவில் ஓர் ஆறுதான். அங்கிருந்து தேங்காயைத் தோணியில் ஏற்றி ஜார்ஜ் டவுனுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தக் காலத்தில் அதைத் தஞ்சோங் என்றுதான் சொல்வோம். தோப்புக்கு ஒரே பெரிய தோணி, அதை ஓட்டுகிற தண்டல் நெய்னாதான்.

வந்த புதிதிலேயே அவனுக்கு ஓர் அதிர்ச்சி. இங்கே மேற்குக் காற்று சாது இல்லை. சுமாத்திரா பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து, ஒரு பானை சோறு வேகிற நேரத்துக்குள் சம்பான் என்கிற சின்னப் படகுகளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய்விடும். ஆவணியில் ஒருமுறை பாய் கிழிந்து, தேங்காயெல்லாம் கடலில் மிதக்கக் கரை சேர்ந்தான். அன்றைக்கு ஹபீபாவிடம் சொன்னானாம்:

“நம்ம ஊருல பூனையா இருந்த கச்சான் இங்கே புலியா இருக்கு. அங்கேயே புலியா இருந்த வாடை இங்கே வந்தா என்னவா இருக்கும்? நெனச்சுப் பாரு.”

“நான் எதுக்கு நெனக்கணும் மச்சான்? அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே,” என்றாளாம் அவள்.

ஆள் யோசித்தது யோசனைதான். அதில் ஓட்டை இருந்தது அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரிந்திருக்காது.

கார்த்திகையில், தண்ணீர் வற்றின நேரத்தில், ஹபீபா சேற்றில் மட்டி பொறுக்கப் போனாள். சிப்பி ஓடு ஒன்று குதிகாலைக் கிழித்துவிட்டது. மஞ்சளை வைத்துக் கட்டினாள். மறுநாள் பாதம் வீங்கியது. அடுத்து கணுக்கால் தெரியவில்லை. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசர் தங்கராஜு வந்து அழுத்திப் பார்த்தார். அழுத்தின குழி அப்படியே நின்றது.

அவர் நெய்னாவை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி, என்கிட்ட இருக்கிற மருந்துக்கு இது அடங்காது. விஷம் மேல ஏறுது. தஞ்சோங் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. காலை எடுப்பாங்க, ஆள் பொழைக்கும். ஆனா முழங்காலைத் தாண்டறதுக்குள்ள போயிடணும். தாண்டிட்டா என்னைக் கேக்காதே.”

“வண்டியில போனா?”

“ஆத்தைத் தாண்டினா பெருநிலத்துப் பாதை முழுக்க இடுப்பளவு சேறு. மாடே செத்துப்போவும். தோணிதான் வழி. நாளைக்கு வெள்ளனவே கெளம்பு.”

மறுநாள் வெள்ளென வாடை கட்டியது.

ராத்திரி வரைக்கும் புழுக்கம். விடியும்போது கதவு தானாகத் திறந்து சுவரில் அடித்துக்கொண்டது. வெளியே வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது, ஒரு மேகம் இல்லை. தென்னை மட்டையெல்லாம் தெற்கே பார்த்து வளைந்து நின்றன. தோப்பில் ஆட்கள் கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு நடந்தார்கள். அந்த மண்ணில் யாரும் அப்படிக் குளிர் பார்த்தது அபூர்வம்.

நெய்னா கரையில் போய் நின்றான். வடக்கே பார்த்தான். வாப்பாவைக் கொண்டுபோன அதே குளிர், அதே திசை. தோணியின் கயிற்றை அவிழ்க்கவில்லை. இன்னொரு முளை அடித்து இன்னொரு கயிறு கட்டிவிட்டு வந்தான்.

சலேஹா வேலிப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தகப்பன் தமிழர், தாய் மலாய்க்காரி. வாயை மூடத் தெரியாதவள்.

“என்ன நெய்னா, ஹபீபாவைத் தூக்கிக்கிட்டு வருவேன்னு பார்த்தா, தோணிக்கு மூக்கணாங்கயிறு போட்டுட்டு வர்றே?”

“வாடை கட்டிருச்சு அக்கா. நிக்கட்டும்.”

“இதுவா? இது ஆங்கின் ஊத்தாரா லா. வடக்குக் காத்து. குளிரும், அவ்வளவுதான். இதுல போகாம எதுல போவே?”

“உங்களுக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரரு இந்தக் காத்துலதான் விடியறதுக்கு முன்ன தஞ்சோங் போயிருக்காரு. அந்தச் சின்னச் சம்பான்ல.”

நெய்னா அவளைப் பரிதாபமாகப் பார்த்தானாம். “போனவரு திரும்பி வரட்டும், பார்ப்போம்,” என்றான். அவள் கணவன் பக்காரை அவன் மனசுக்குள் அப்போதே அடக்கம் செய்துவிட்டான் போல.

உள்ளே ஹபீபாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. கதவைச் சாத்தாதீர்கள், காற்று உடம்புக்கு இதமாக இருக்கிறது என்றாள். அவன் சாத்தினான். வீங்கின காலில் அடுப்புக் கரியால் ஒரு கோடு போட்டுவைத்திருந்தான். சாயங்காலம் வீக்கம் கோட்டைத் தாண்டி இருந்தது. துடைத்துவிட்டு மேலே இன்னொன்று போட்டான்.

“என்ன மச்சான், அளந்து பாக்குறீங்க? பாய்க்குத் துணி வெட்டவா?”

“சும்மா கெட.”

“காத்து நின்னுடுமா?”

“நிக்கும். ரெண்டு மூணு நாளைக்கு மேல ஒரேயடியா அடிக்காது.”

“அப்ப நான் காத்துக்கிட்டு இருக்கேன். நீங்க அவசரப்பட்டு எறங்கிடாதீங்க. மாமா போன மாதிரி நீங்களும் போயிட்டா, இந்தக் காலோட நான் எங்கே போவேன்?”

அவளும் நாகூர்க்காரிதானே. அவளுக்கும் அதே பேர், அதே பயம்.

காற்று நிற்கவில்லை. கரிக்கோடு கெண்டைக்காலுக்கு ஏறியது. தங்கராஜு வந்து திட்டினார்: “நீ தோணிக்காரனா, தொட்டில் ஆட்டறவனா? கடலைப் பாருடா. அலை எங்கே இருக்கு?” நெய்னா, “இங்கே தெரியாது சார், வெளியே போனாத்தான் தெரியும்,” என்றான். வேறு யாரையாவது ஓட்டச் சொல்லலாம் என்றால், தோணியின் சுக்கானைக் கழற்றிக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டான். அவளைக் கொல்ல யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்றான். உண்மையாகவே அவன் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சோம்பேறியாக இருந்திருந்தால், குடிகாரனாக இருந்திருந்தால், நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

பக்கார் திரும்பி வந்தது ஒரு காலை நேரத்தில். சலேஹா வேண்டுமென்றே நெய்னாவைக் கரைக்குக் கூப்பிட்டாள். ஆள் வெற்றுடம்பில் துண்டைப் போர்த்திக்கொண்டு, சுருட்டுப் புகைத்தபடி சம்பானை மணலில் ஏற்றிக்கொண்டிருந்தான். குப்புறப் படுத்தால் கை இரண்டு பக்கமும் தண்ணீரில் படுகிற சம்பான். அதன் நடுவில் ஒரு மூட்டை கோதுமை மாவு.

நெய்னா பக்காரைப் பார்க்கவில்லை. குனிந்து மாவு மூட்டையின் அடியில் கையை விட்டான். பிறகு மேலே, பக்கத்தில், எல்லா இடமும் தடவிப் பார்த்தான். மூட்டை நனைந்திருக்கவில்லை. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“என்ன தேடுறே? பணம் இல்லை, மாவுதான்,” என்று பக்கார் சிரித்தான்.

நெய்னா கையில் ஒட்டின மாவைப் பார்த்துக்கொண்டே நின்றானாம். இங்கே வடக்கேயும் கிழக்கேயும் திறந்த கடல் இல்லை, பெருநிலம்; இந்தக் காற்று அதைத் தாண்டி நிலத்திலிருந்து வருகிறது. ஊரில் கச்சான் எப்படியோ இங்கே வாடை அப்படி. பேர் மட்டும்தான் வாடை. அவ்வளவு சின்ன விஷயம். அது அவன் மண்டையில் இறங்கினபோது, வீட்டுக்கு ஓடினான்.

கரிக்கோடு அன்றைக்கு முழங்காலுக்கு மேலே இருந்தது.

தோட்டத்து ஆட்கள் இரண்டு பேரைத் துடுப்புக்குப் போட்டுக்கொண்டு, ஹபீபாவைப் பாயில் சுருட்டிப் படுக்கவைத்து இறங்கினான். துடுப்புக்கு வேலையே இல்லை. வலப்பக்கமிருந்து காற்று பாயைப் பிடித்தது, தோணி வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீர் தட்டில் ஊற்றின மாதிரி கிடந்தது. அவன் வாழ்நாளில் அவ்வளவு சுகமான ஓட்டம் ஓடினது இல்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்லுவான்.

ஹபீபா ஒருமுறை கண் விழித்தாள். “காத்து நின்னுருச்சா மச்சான்?” என்றாள்.

“நின்னுருச்சு,” என்றான் அவன்.

நான் அவனை முதன்முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். துறையில் அவளைத் தூக்கி ரிக்‌ஷாவில் ஏற்றினவர்களில் நான் ஒருத்தன். நல்ல வெயில், நல்ல குளிர்ச்சி. கரை ஓரம் சீனப் பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் போர்வையை விலக்கிப் பார்த்த டாக்டர் கத்தியை எடுக்கவே இல்லை. இடுப்பு வரை போய்விட்டது, இனி எதை வெட்டுவது என்றார். சாயங்காலம் அவள் மௌத்தானாள்.

அவன் பத்து கவானுக்குத் திரும்பவில்லை. தோணியை ஆட்களோடு அனுப்பிவிட்டுத் துறையிலேயே வேலைக்கு நின்றான். சுங்கை பினாங்கில் ஓர் அறையில் எங்களோடு இருந்தான். மறு கல்யாணம் கிடையாது. ஊருக்குக் காகிதம் போட்டதும் கிடையாது. கார்த்திகை முதல் பங்குனி வரை துறையில் எல்லோருக்கும் கொண்டாட்டம். மழை இல்லை, சரக்கு நனையாது, வேலை தடங்காது. “என்ன காத்து அண்ணே, சொர்க்கம்,” என்பார்கள். வாடை என்ற வார்த்தையை அவன் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தால், “அந்தக் காத்து” என்பான்.

ரப்பர் விலை விழுந்து ஊரே படுத்திருந்த வருஷம், அவனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மார்கழி மாசம். மூச்சு இழுக்கும்போது பூனைக்குட்டி கத்துகிற சத்தம் வந்தது. நான் ரிக்‌ஷா கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன்.

“எந்திரிடா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

அவன் ஜன்னலைப் பார்த்தான். கயிற்றில் காய்ந்த கைலிகள் தெற்கே பார்த்துப் படபடத்துக்கொண்டிருந்தன.

“காத்து நிக்கட்டும்,” என்றான்.

“என்னடா பேச்சு இது? ரோட்டுல போறதுக்குக் காத்து என்ன பண்ணும்? இது பங்குனி வரைக்கும் நிக்காதுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம்?”

“அவ காத்துக்கிட்டு இருந்தாள்ல,” என்றான். “நானும் இருக்கேன். நீ ரிக்‌ஷாவை அனுப்பிரு.”

கெஞ்சினேன், திட்டினேன், மூன்று பேராகச் சேர்ந்து தூக்கவும் பார்த்தோம். கட்டில் சட்டத்தைப் பிடித்த கையைப் பிரிக்க முடியவில்லை. தோணிக்காரன் கை. ரிக்‌ஷாக்காரன் வெளியே மணியை அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

தை பிறந்து சில நாளில் நெய்னா போய்விட்டான். காற்று நிற்கவில்லை. கபரடியில் மண் உலர்ந்து பொலபொலவென்று இருந்தது. குழி வெட்டினவன் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து, “நல்ல காலத்துல போயிருக்காரு, பாய். மழையில வெட்டுறதுதான் பாடு,” என்றான்.