பாய் எனக்காகத் தேர்ந்தெடுத்த ஏர் பிரஷ்

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை எழும்பிக்கொண்டிருந்த எழுபதுகளின் நடுவில், அங்கே ஓர் இரும்புத் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் எனக்கு வேலை. திருவள்ளூரில் அப்பா கோயில் கைங்கரியத்தில் இருந்தார். நான் வாரம் முழுக்கக் கும்மிடிப்பூண்டியில் அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போவேன். வேலை உத்தரவில் என்ன எழுதியிருந்தாலும், நான் அதிகம் செய்தது மாடல்கள்தான். கட்டப்போகும் கொட்டகை, உலை, புகைபோக்கி எல்லாவற்றையும் நூற்றில் ஒரு பங்கு அளவில் பிளைவுட்டிலும் அட்டையிலும் செய்து வைப்பேன். பார்க்க வரும் பெரிய மனிதர்களுக்கு வரைபடம் புரியாது, மாடல் புரியும்.

செய்வது நான், வண்ணம் அடிப்பது பாய். பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன், என்னைவிட ஒரு வயது மூத்தவன். எனக்கு அவன் பாய், அவனுக்கு நான் சாமி. அவனிடம் தாய்மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஏர் பிரஷ் ஒன்று இருந்தது. பேனா மாதிரிப் பிடித்து, மேலே உள்ள விசையை அழுத்தினால் கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும். அதையே பின்னால் இழுத்தால் சாயம் வரும். அவ்வளவு சின்ன மாடலில் தூரிகையால் பூசினால் ஒவ்வொரு தடமும் சுவரில் கயிறு ஓடுகிற மாதிரித் தெரியும். பாய் அடித்தால் தகரக் கூரையில் துருவும், புகைபோக்கி உச்சியில் கரியும் தானாகப் படிந்தது போலிருக்கும்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாதக்கணக்கில் அறுத்து ஒட்டியவன் நான். வந்தவர்கள் எல்லாரும் "பெயிண்ட் யாரு பண்ணது?" என்றே கேட்டார்கள்.

மெட்ராஸ் பொருட்காட்சிக்குப் பெரிய மாடல் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போயிருந்தான். நான் அவன் ஏர் பிரஷ்ஷை எடுத்து ஒரு அட்டையில் அடித்துப் பார்த்தேன். கோடு வரவில்லை, திட்டுத்திட்டாகத் தெறித்தது. அடைத்திருக்கும் போலிருக்கிறதென்று உள்ளே சாயத்தின் வாயை மூடித் திறக்கும் ஊசியை உருவினேன். அது நழுவிச் சிமென்ட் தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் நுனி கொக்கி மாதிரி வளைந்திருந்தது. விரலால் நிமிர்த்தி, பழையபடி உள்ளே தள்ளினேன். போகவில்லை. அழுத்தித் தள்ளினேன். லேசாக ஏதோ விட்டுக்கொடுத்த மாதிரி இருந்தது. துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

பாய் வந்தான். கையைத் துடைத்துக்கொண்டு, சாம்பல் நிறச் சாயத்தை ஊற்றி, முடிந்திருந்த வெள்ளைச் சுவரின் ஓரத்தில் நிழல் அடிக்க ஆரம்பித்தான். முதல் அழுத்தலிலேயே சுவர் முழுக்கச் சாம்பல் திட்டுகளாகத் துப்பியது. அவன் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தான். சாயம் வரும் வாய் பிளந்திருந்தது.

"காத்தால நான்தான் கழட்டி மாட்டுனேன் சாமி," என்றான். "அவசரத்துல ஊசிய அழுத்திட்டேன் போலக்கீது."

அப்போது சொல்லியிருக்கலாம். "காத்துல தண்ணி கலந்திருக்கும் பாய்," என்றேன் நான்.

அந்தச் சுவரை நான் மறுபடி செய்தேன். மேனேஜர் கோபப்படவில்லை. "கம்பெனி வேலையிலதானே போச்சு? ரெண்டு பேருமாப் போயி நல்லதா ஒண்ணு பாத்து வாங்கினு வாங்க," என்றார்.

இருவரும் மெட்ராஸுக்கு ரயில் ஏறினோம். பாய் கையை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தான். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் பெரியவர் ஒருவர் மூன்று ஏர் பிரஷ்களை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். ஒன்று பம்பாயில் செய்தது, அழுத்தினால் காற்றும் சாயமும் ஒன்றாக வரும் எளிய சாமான். மற்ற இரண்டும் வெளிநாட்டிலிருந்து வந்து கை மாறியவை.

பாய் மையை ஊற்றிப் பழைய செய்தித்தாளில் அடித்துப் பார்த்தான். முன்பெல்லாம் தலைமுடி கனத்துக்குக் கோடு இழுப்பவன். அன்றைக்குக் கோடு நடுங்கியது. இன்னொன்றிலும் அப்படித்தான். கீழே வைத்துவிட்டான்.

"யாரு தம்பி அடிக்கப் போறது?" என்று பெரியவர் கேட்டார்.

"இவருதான்," என்று பாய் என்னைக் காட்டினான். "இவரு கை நிதானம்."

"இன்னா பாய் சொல்ற? நீதான் அடிக்கணும்."

"வேணாம் சாமி. பேஜாராக்கீது. ஊசி என் கைல நிக்க மாட்டேங்குது."

அங்கேயே உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தது. கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் அவன் எனக்காகத் தேடினான். இரண்டையும் என் கையில் மாற்றி மாற்றிக் கொடுத்தான். ஒன்றின் விசை இறுக்கமாக இருந்தது. "உன் வெரல் நீளம், இது வலிக்கும்," என்று தள்ளினான். மற்றதன் ஊசியைக் கண்ணாடிமேல் உருட்டி நேராக இருக்கிறதா பார்த்தான். மாற்று ஊசியும் முனையும் கிடைக்குமா என்று பெரியவரிடம் மூன்று முறை கேட்டான். கிண்ணம் பக்கவாட்டில் இருந்தால் சாயம் சிந்தும், மேலே இருக்கும் இதுதான் எனக்கு வசதி என்று அதையே வாங்கவைத்தான். அவனுக்கென்றே வாங்கியிருந்தால்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டான்.

பாக்கி வண்ணத்தை நானே பழகி அடித்து முடித்தேன்; மாடல் பொருட்காட்சிக்குப் போனது. "பெயிண்ட் யாரு பண்ணது?" என்று கேட்டார்கள். மேனேஜர் என்னைக் காட்டினார். பாய் தானாகக் கேட்டு ஸ்டோர்ஸுக்கு மாறியிருந்தான்.

அந்த அமாவாசைக்குத் திருவள்ளூரில் இருந்தேன். பாவம் கரையும் என்று கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கும் கூட்டத்தோடு நானும் ஒரு கட்டி வாங்கிக்கொண்டு படியில் இறங்கினேன். கரைத்தேன். விரல் பிசுபிசுத்ததுதான் மிச்சம்.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, பாய் சைக்கிள் ஸ்டாண்டில் என்னை நிறுத்தி, "நான் வேலைலேர்ந்து நின்னுக்கறேன் சாமி. அண்ணன் கடைக்குக் கூப்புட்டுக்கினே கீறாரு," என்றான். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. ஊசி விழுந்தது, நிமிர்த்தியது, அழுத்தித் தள்ளியது எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் எடுத்தேன் என்பதையும் சொன்னேன்.

அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தேன்.

"வெரலாலயா நிமுத்துன?" என்று கேட்டான்.

"ஆமா."

சைக்கிள் மணியைத் தடவினான். "ஊட்ல ஒரு டம்ளர் தூக்குனாக்கூட கையப் பாப்பேன் சாமி. நடுங்குதான்னு. எங்கம்மா டாக்டராண்ட இட்டுக்கினு போச்சு."

"மேனேஜர்கிட்ட சொல்லிடறேன் பாய். நீ திரும்ப வந்துடு."

"அண்ணனுக்கு வாக்குக் குடுத்துட்டேன்," என்றான். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருக்கலாம் நீ. திட்டியிருப்பேன், அவ்ளோதான்."

அவன் அந்தச் சனிக்கிழமையே போய்விட்டான். திங்கட்கிழமை மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், "எப்பவோ நடந்தது, இப்ப எதுக்குய்யா?" என்றார். பாய்க்கு இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது. கடை நன்றாக நடக்கிறது, அம்மா சௌக்கியம் என்று நாலு வரி. வேலையைப் பற்றி எதுவும் இல்லை. நான் அந்தத் தொழிற்சாலையில் இருந்த வரைக்கும் மாடல்களுக்கு வண்ணம் அடித்தது நான்தான். நன்றாக அடிக்கிறாய் என்று பலர் சொன்னார்கள். நானும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.