கல்யாணசுந்தரியின் மீன் அறை

கல்யாணசுந்தரி என்ன வேலை பார்க்கிறாள் என்று அவள் ஊரான நெரவியில் யாராவது கேட்டால் மீன் வளர்க்கிறேன் என்பாள். எந்தக் குளத்தில் என்று கேட்பார்கள். கண்ணாடித் தொட்டியில் என்பாள். சாப்பிடுகிற மீனா என்று அடுத்த கேள்வி வரும். "சுண்டுவிரல் நீளம்கூட வராதுங்க. அத வச்சுப் படிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவாள். அதற்குமேல் பஸ் நிற்கும் நேரத்துக்குள் சொல்லி முடியாது.

காரைக்காலில் பல்கலைக்கழக ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. அங்கே பெருக்கித் துடைக்கும் ஒப்பந்த வேலைக்குத்தான் அவள் முதலில் போனாள். அதுவரை நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தவள். நேரடி விதைப்பு வந்தபின் நடவு குறைந்துவிட்டது. சேர்ந்த மூன்றாம் மாதம், மீன் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு தொட்டியின் மீன்கள் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தாள். காற்றுக் குழாய் கழன்றிருந்தது. ஓடிப்போய்ச் சொன்னாள். மீன் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போனதும், ஆய்வுக்கூடத் தலைவி பேராசிரியர் உமாமகேஸ்வரி அவளைத்தான் கூப்பிட்டார்.

"உங்களுக்கு மீன் தெரியும்போல."

"கொழம்பு வைக்கத்தான் மேடம் தெரியும்" என்றாள். அன்றிலிருந்து அந்த அறை அவளுடையது.

அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மார்கழிப் பனியாக இருந்தாலும் சித்திரை வெயிலாக இருந்தாலும் உள்ளே ஒரே வெதுவெதுப்பு. சுவரை ஒட்டி அடுக்கடுக்காக நூற்றிருபது தொட்டிகள். ஒரு தொட்டியில் விழுந்த தண்ணீர் அடுத்ததற்கு இறங்கி, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு இறங்கி, எங்கோ தூரத்தில் மழை பெய்வதுபோல ஓயாத சத்தம். விளக்குகள் காலை எட்டு மணிக்குத் தானாக எரியும். அவள் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து இருட்டில் நிற்பாள். எதற்கென்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. இருட்டில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். தான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதுகூட மறந்துவிடும். பிறகு சட்டென்று வெளிச்சம் வரும். நூற்றிருபது தொட்டிகளிலும் நீலக்கோடு போட்ட சிறு மீன்கள் ஒரே நேரத்தில் மேலே எழும். வரிக்குதிரை மீன் என்று படித்தவர்கள் சொன்னார்கள்.

அங்கே ஆராய்ச்சி செய்த பெண்ணின் பெயர் சேவெரின். காரைக்கால்தான். அப்பா ஆல்போன்ஸ் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். சேவெரின் பிரான்சில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, மேற்கொண்டு படிக்க இங்கேயே திரும்பி வந்திருந்தாள். முதல் மாதம் கல்யாணசுந்தரி அவளை மேடம் என்று கூப்பிட்டாள். "மேடம்னா எங்க அம்மாவக் கூப்பிடுற மாதிரி இருக்குக்கா" என்று அவள் சொன்னபிறகு பாப்பா என்று மாறியது.

ஒருநாள் சேவெரின் அவளை நுண்ணோக்கியின் முன் உட்கார வைத்தாள். முந்தின நாள் காலையில்தான் கல்யாணசுந்தரி, ஆண் மீனுக்கும் பெண் மீனுக்கும் நடுவே வைத்திருந்த கண்ணாடித் தடுப்பை எடுத்திருந்தாள். அரை மணியில் முட்டைகள் அடியில் உதிர்ந்தன. கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி மணிகள். அதில் ஒன்று இப்போது கண்ணுக்குள் தேங்காய் அளவுக்குத் தெரிந்தது. உள்ளே ஒரு குஞ்சு சுருண்டிருந்தது. உடம்பே இல்லாததுபோல, பின்னால் இருப்பதெல்லாம் தெரிந்தது. அதன் நெஞ்சில் ஏதோ ஒன்று சிமிட்டியது. நின்றது. மறுபடி சிமிட்டியது.

"என்ன பாப்பா அது?"

"இதயம்கா. இப்பத்தான் துடிக்க ஆரம்பிக்குது."

அன்று பஸ்ஸில் நெரவி நிறுத்தம் போனது அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்தாள். வீட்டுக்காரர் கோவிந்தராசு வாசலில் நின்றுகொண்டிருந்தார். "எங்க போன?" என்று கேட்டார். "உயிர் வர்றதப் பாத்தேங்க" என்றாள்.

கோவிந்தராசு பேச்சு குறைவான மனிதர். மூன்று மா நிலம், அதாவது ஏக்கர் சுமார், சம்பா, அறுப்பு முடிந்தால் உளுந்து. ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. தை மாதத்தில் அறுப்பு மெஷின் வயலில் இறங்கிய அன்று வரப்பில் நின்றவர் அப்படியே உட்கார்ந்தார். சட்டை நனைய வியர்த்தது. இடது கை கனக்கிறது என்றார். மெஷின் ஓட்டியவரும் பக்கத்து வயல்காரர்களும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு. அதை எடுத்து உள்ளே சின்ன வலைக்குழாய் வைத்தார்கள். உயிர் தங்கியது. ஆனால் இதயத்தின் ஒரு பகுதித் தசை செத்துவிட்டது என்றார்கள்.

வீட்டுக்கு வந்தவர் வேறு ஆளாக இருந்தார். தினம் கொஞ்சம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. உள்ளங்கையை நெஞ்சின்மேல் வைத்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கையை எடுத்தால் அது நின்றுவிடும் என்று பயப்படுகிறார் என்பது கல்யாணசுந்தரிக்குப் புரிந்தது.  ஒரு மாதம் லீவு போட்டு உடன் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

பங்குனி பிறந்த வாரத்தில் சேவெரின் பன்னிரண்டு மீன்களைக் கேட்டாள். ஒவ்வொன்றையும் மயக்க மருந்து கலந்த தண்ணீரில் விட்டு, ஈரப் பஞ்சில் மல்லாக்க வைத்து, நுண்ணோக்கிக்குக் கீழே மயிரிழைக் கத்தரியால் நெஞ்சைத் திறந்து, இதயத்தின் நுனியில் ஒரு துணுக்கை வெட்டினாள். ரத்தம் பொட்டுப்போல வந்து உறைந்தது. உடனே நல்ல தண்ணீர். மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, செவுள் அசைந்தது, நிமிர்ந்தது, நீந்தியது. ஒவ்வொன்றும் நீந்தும்போது சேவெரின் பிரெஞ்சில் மெதுவாக "வொலா" என்றாள், இதோ பார் என்பதுபோல. கல்யாணசுந்தரி அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டாள்.

"வெட்டுன இடம் என்னாவும் பாப்பா?"

"வளந்துடும்கா. ரெண்டு மாசத்துல வெட்டுன அடையாளமே இருக்காது."

கல்யாணசுந்தரி தொட்டிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு மீன்கள், குறைந்துபோன இதயத்தோடு, ஒன்றும் நடக்காததுபோல ஆரஞ்சு நிறப் பொடி இறாலைக் கொத்தித் தின்றன. அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பையை அவள் திறக்கவே இல்லை.

சாயங்காலம் வீட்டில் கட்டிலருகே உட்கார்ந்து இதைச் சொன்னாள். கோவிந்தராசு விட்டத்திலிருந்து கண்ணை இறக்கி அவளைப் பார்த்தார்.

"வளந்துடுமா?"

"ரெண்டு மாசத்துல."

 மறுநாள் அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "மீனு எப்புடி இருக்கு?" என்றார்.

அதிலிருந்து தினமும் அந்தக் கேள்வி வந்தது. அவளும் தினமும் சொன்னாள். ஒரு மீன் மற்றவற்றை விரட்டுகிறது. இன்னொன்று தண்ணீர் விழும் இடத்திலேயே நின்று முதுகில் வாங்கிக்கொள்கிறது. வெளிச்சம் வரும்போது இப்போது பன்னிரண்டும் மேலே வருகின்றன. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சொல்லச் சொல்ல அவளுக்கும் அந்த ஓட்டு வீடு தண்ணீருக்குள் இருப்பதுபோலத் தோன்றும். ஃபேன் சத்தம் தொட்டிச் சத்தமாகிவிடும். கேட்டுக்கொண்டே அவர் தூங்கிவிடுவார். நெஞ்சின்மேல் இருந்த கை நழுவி மெத்தையில் கிடக்கும்.

பத்தாம் நாளில் சேவெரினிடம் கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் பலநாள் நினைத்தாள்.

"மனுசங்களுக்கும் இப்புடி வளருமா பாப்பா?"

சேவெரின் கையுறையைக் கழற்றினாள். கோவிந்தராசுவைப் பற்றி அவளுக்குத் தெரியும். "வளராதுக்கா" என்றாள். "நமக்குத் தழும்புதான் விழும். தழும்பு துடிக்காது. மீனுக்கு முடியுறது நமக்கு ஏன் முடியலன்னுதான் இவ்வளவும் பண்றோம். நீங்க அய்யாகிட்ட…"

"நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் கல்யாணசுந்தரி. அது முழுப் பொய்யும் இல்லை. மனிதர்களுக்கு வளரும் என்று அவள் சொன்னதில்லை. வளராது என்றும் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்றே போனாள். கோவிந்தராசு கட்டிலில் இல்லை. பதறித் தேடினாள். தெருக் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். "இது வரைக்கும் வந்தேன்" என்றார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவரைக் கைபிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அடுத்த வாரம் பிள்ளையார் கோவில் வரை போனார். அதற்கடுத்து வாய்க்கால் மதகு. திரும்பி வந்து மூச்சை வாங்கிக்கொண்டு, "எத்தன நாள் ஆச்சு?" என்பார். "இருபத்தாறு." "முப்பத்தொம்பது."  அறுபதாம் நாள் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அறுபதாம் நாள் காலையில் சேவெரின் ஐஸ் பெட்டியோடு வந்தாள். மீன்களின் இதயத்தை எடுக்கப் போகிறோம் என்றாள். வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேறு வழியில்லை.

"குணமாயிட்டா திரும்பத் தொட்டியில வுடுவீங்கன்னு நெனச்சேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கணும்கா. தப்பு என்னோடதுதான். நீங்க வெளிய இருங்க, நான் எடுத்துட்டுப் போறேன்."

கல்யாணசுந்தரி தொட்டியைப் பார்த்தாள். தண்ணீர் விழும் இடத்தில் அந்த ஒரு மீன் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தது. "வளத்தது நான்தானே. நானே கொண்டாறேன்" என்றாள். இரண்டு கையாலும் தொட்டியைத் தூக்கி, தண்ணீர் தளும்பாமல் நடந்து, மேசைமேல் வைத்தாள். பிறகு மற்றத் தொட்டிகளுக்குத் தீனி போடப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் வீட்டில், "வளந்த மாதிரிதான் தெரியுதாம். அடுத்த வாரம் பெருசாக் காட்டுற கண்ணாடியில வச்சுப் பாப்பாங்களாம்" என்று மட்டும் சொன்னாள்.

"நானும் பாக்கலாமா?" என்றார் கோவிந்தராசு.

பேராசிரியரிடம் அனுமதி கேட்டாள். "செருப்ப வெளிய விட்டுட்டு வரச் சொல்லுங்க" என்றார் அவர். வைகாசி வெயிலில், கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு கோவிந்தராசு நெரவி பஸ்ஸில் வந்து இறங்கினார். சேவெரின் நாற்காலி போட்டாள். எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் முதலில் இரண்டையும் மூடினார்.

"மொதல்ல இதப் பாருங்க அய்யா. வெட்டி ரெண்டு வாரத்துல எடுத்த வேற மீனு. சாயம் போட்டதுல நீலமா இருக்குல்ல, அது தழும்பு." கண்ணாடித் தகட்டை மாற்றினாள். "இது அறுபதாம் நாள்."

நீலம் இல்லை. ஓரத்திலிருந்து ஓரம்வரை மஞ்சளும் ஆரஞ்சுமாக, இழை இழையாக விளைந்து கிடந்தது. கோவிந்தராசு ரொம்ப நேரம் பார்த்தார். "அறுப்புக்கு நிக்கிற வயலாட்டம் இருக்கு" என்றார். கண்ணை எடுக்காமலே கேட்டார்: "எனக்கு நீலந்தானே?"

சேவெரின் கல்யாணசுந்தரியைப் பார்த்தாள். கல்யாணசுந்தரி தரையைப் பார்த்தாள்.

"ஆமாங்கய்யா" என்றாள் சேவெரின்.

"தெரியும்."

"யாரு சொன்னா?" என்றாள் கல்யாணசுந்தரி.

"ஆசுபத்திரிய வுட்டு வர்ற அன்னிக்கே டாக்டர் சொல்லிட்டாரு. நீ மருந்து வாங்க நின்ன. செத்த எடம் செத்ததுதான், மிச்சத்த பத்திரமா வச்சுக்கன்னாரு."

"அப்ப ஏன் தெனம் கேட்டீங்க? நான் எப்புடிச் சொல்றதுன்னு தெரியாம தவிச்சிட்டுக் கெடக்கேன்."

அவர் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தார்.  "கேக்க நல்லாருந்துச்சு சுந்தரி. கண்ண மூடுனா நானும் அதுக்குள்ள நீந்துற மாரி இருக்கும். பயம் தெரியாது."

பிறகு சேவெரினிடம் கேட்டார், மீனுக்கு மட்டும் ஏன் வளர்கிறது என்று. மீனின் இதயச் செல்கள் வெட்டுப்பட்டால் மறுபடி பிரிந்து பெருகுகின்றன, நமக்குப் பிறந்த கொஞ்ச நாளிலேயே அந்தத் திறன் பெரும்பாலும் போய்விடுகிறது என்று அவள் சொன்னாள். அதைத் திரும்ப எழுப்ப முடியுமா என்று உலகத்தில் பலபேர் தேடுகிறார்கள் என்றாள்.

"எத்தன வருசம் ஆவும்?"

"தெரியலங்கய்யா."

"ஆவட்டும். அவசரப்பட்டுச் செய்யாதீங்க" என்றார், விதை நெல்லைப் பற்றிச் சொல்வதுபோல.

ஆடியில் எடுத்த ஸ்கேனில் அவர் இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு முப்பத்தைந்து சதவீதத்திலிருந்து நாற்பத்தொன்றுக்கு வந்திருந்தது. மருந்தும் நடையும் செய்த வேலை என்றார் டாக்டர். இரண்டு மாவைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஒரு மாவை மட்டும் ஆள் வைத்துப் பார்க்கிறார். கல்யாணசுந்தரி அதே அறையில்தான் இருக்கிறாள். எடுக்கப்போகும் மீன்களை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுவது என்று அங்கே வழக்கமாகிவிட்டது. இதெல்லாம் பின்னால் நடந்தவை.

அந்த வைகாசி நாளில், ஆய்வு மையத்தைவிட்டு வெளியே வந்ததும், கோவிந்தராசு பஸ் நிலையத்தின் பக்கம் திரும்பவில்லை. கடற்கரைக்குப் போகலாம் என்றார். இத்தனை வருஷமாகக் காரைக்காலுக்கு வந்து போகிறார்கள், கடலைப் பார்த்துப் பத்து வருஷமாவது இருக்கும். ஆட்டோவில் போனார்கள். மத்தியான வெயிலில் மணலில் ஆளே இல்லை. தண்ணீர் வானத்தோடு சேர்ந்து ஒரே வெளுப்பாக, எங்கே முடிகிறதென்று தெரியாமல் கிடந்தது. அலைகூடச் சத்தம் குறைத்து வந்துபோனது.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கணுக்கால், முழங்கால்.

"போதுங்க" என்றாள்.

"நீயும் வா."

அவள் செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு சேலையைச் சொருகி இறங்கினாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். காலடியில் மணல் கரைந்து கரைந்து இறங்கியது. சேலைக்கரை முழுக்க நனைந்ததை அவள் காட்டினாள். நாலே முக்கால் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது, அதற்குள் காய்ந்துவிடும் என்றார்.