பெயர் கூவியவரின் பெயரைக் கூவ ஆளில்லை

கடல்கடந்து படைத்தொண்டு ஆற்றித் திரும்பிய தோழர்களே! அவர்களுக்காக இக்கரையில் காத்திருந்து நரைத்த தாய்மார்களே! புதுச்சேரிப் பெருமக்களே!

நான் அழுவதற்காக இந்த இரங்கல் மேடை ஏறவில்லை. வழக்குரைக்க ஏறியிருக்கிறேன். நம்மில் தனித்து வாழும் முதியோர் ஒவ்வொருவர் வாயிலிலும் நாள்தோறும் நின்று, பெயர் கூவி, உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டறிந்த ஒரு மனிதர், கிறித்து பிறப்பு விழா நாட்களில், விளக்குத் தோரணங்கள் ஒளிர்ந்த நம் தெருக்களின் நடுவில், தம் வீட்டுத் தரையில் விழுந்து நாவறண்டு கிடந்தார். அவர் பெயரை ஒருவரும் கூவவில்லை. இதுவே என் வழக்கு.

புத்தாண்டுக்கு முந்திய காலை. ஒரு கூட்டத்திற்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். என் பழைய படைத்தோழர் கலியபெருமாள் சட்டை கூட அணியாமல் அரியாங்குப்பத்திலிருந்து மிதிவண்டி மிதித்து வந்து, வண்டியை வாயிலிலேயே சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“புலவரே, அட்ஜுடான் போய்ட்டாரு.”

“எங்கே போனார்? பாரிசில் மகளைப் பார்க்கவா?”

“அய்யோ, அந்தப் போறது இல்ல. கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனாங்களாம். அங்க சேந்ததும் போய்ட்டாரு. பால்காரம்மாதான் பாத்துச்சாம். குளிக்கிற ரூம்பு வாசப்படில கெடந்திருக்காரு. எப்போ வுழுந்தாரோ, யாருக்கும் தெரில.”

அவர் முகத்தில் நான் கண்டது துயரம் அன்று; அச்சம். அதே அச்சத்தை அதே முகத்தில் ஒருமுறை கண்டிருக்கிறேன். அதைச் சொன்னால்தான் மறைந்த பெரியவர் சவரிராயனார் யார் என்பது, அவரை அறியாத இளையோர்க்கும் விளங்கும்.

சவரிராயனார் உழவர்கரையில் ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். மீசை முளைக்கும் முன்பே பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, ஊரார் சொல்லும் வழக்கில் ‘சொல்தா’ ஆனவர். எழுபதுகளின் பிற்பகுதியில், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற வீட்டுப் பிள்ளை என்பதால் கட்டாயப் படைத்தொண்டுக்காக நான் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள ஜிபூத்திக்கு அனுப்பப்பட்டபோது, அவர் அங்கே எங்கள் படைப்பிரிவின் அட்ஜுடான். கப்பித்தேன் என்னும் தலைவருக்கும் எங்களைப் போன்ற வீரர்களுக்கும் இடையில் நின்று பிரிவை அன்றாடம் நடத்தும் பொறுப்பு அது.

முதல் நாள் வரிசையில் என் துப்பாக்கியைத் தட்டிக் காட்டி, “நீதான் தூய தமிழ் பேசற ஆளாமே. இதுக்கு என்னய்யா பேரு?” என்றார்.

“துமுக்கி, ஐயா.”

“தும்மலா இருமலா?” என்றார். தமிழ் அறிந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். “சரி, அந்தத் துமுக்கியைத் தொடச்சி வையி, புலவரே. அதுக்கு இலக்கணம் தெரியாது, துரு பிடிக்கும்.” அன்று முதல் நான் புலவர். இன்றும் கலியபெருமாளுக்கு என் இயற்பெயர் நினைவில் இல்லை.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. கப்பித்தேன் மாறும்போது பழையவரும் புதியவரும் தோளோடு தோள் சேர்த்து வரிசை நெடுக நடப்பர். அட்ஜுடான் ஒவ்வொரு பெயராகக் கூவுவார். உரியவன் “பிரசான்!” என்று விடை தரவேண்டும், ‘இருக்கிறேன்’ என்பது அதன் பொருள். விடை வராத பெயருக்கு உரியவன் எங்கே இருக்கிறான் என்பதை அட்ஜுடான் உரக்கச் சொல்ல வேண்டும். கடைசிப் பெயருக்கும் விடை கிடைத்த பிறகே பிரிவின் கொடி கை மாறும்.

அந்த ஆண்டின் கிறித்து பிறப்பு விழாவை ஒட்டி எங்கள் கப்பித்தேன் மாறினார். அதற்குச் சற்று முன்புவரை, உப்பேரி ஒன்றின் கரையில், கருங்கல் பொட்டலில், பயிற்சிப் பாசறை அமைத்திருந்தோம். விழாவுக்காகப் பிரிவு நகருக்குத் திரும்பியது. கழற்றாத கூடாரங்களையும் பழுதான ஒரு சரக்குந்தையும் காக்க என்னையும் கலியபெருமாளையும் விட்டுச் சென்றார்கள். திருநாளுக்கு முன்பே வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும் என்றார்கள். அதுவரைக்கும் போதுமான தண்ணீர் தந்தார்கள். செய்திக் கருவியைத் தங்களோடு கொண்டு போனார்கள்.

வண்டி வரவில்லை.

தண்ணீர்க் கலத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கும் நிலை வந்தது. நடந்து போகலாமா என்றால், வழி தெரியாத கல்வெளி. காவலை விட்டு அகல்வது படைக்குற்றம் வேறு. எல்லைக்கு அப்பால் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு நண்பகலில் மேட்டின்மேல் ஒட்டகங்களோடும் துப்பாக்கிகளோடும் சிலர் வந்து நின்றார்கள். எங்களையே பார்த்தார்கள். பிறகு மறைந்தார்கள்.

“ரெண்டே பேருன்னு கண்டுக்கினா திரும்பி வருவானுங்க, புலவரே” என்றார் கலியபெருமாள். பெட்டிகளை அடுக்கி அவற்றின்மேல் இரும்புத் தொப்பிகளைக் கவிழ்த்தார். தொலைவிலிருந்து பார்த்தால் ஆட்கள் அமர்ந்திருப்பதுபோல் தோன்றும். நகருக்குப் போன தோழர்களின் பெயர்களைச் சூட்டி அத்தொப்பிகளோடு பேசவும் தொடங்கினார். “இவன் இஞ்ஞாசி, எப்பவும் தூங்கறான் பாரு. டேய், எழுந்து காவல் பாருடா!” நான் சிரித்தேன். சிரித்தபின், அவர் விளையாட்டாகப் பேசவில்லையோ என்று அஞ்சினேன்.

நாங்கள் இருவரும் பாசறையின் இரு முனைகளில் காவல் இருந்தோம். மற்றவர் உயிரோடு இருப்பதை அறிய ஒரே வழிதான் இருந்தது.

“புலவரே!”

“பிரசான்!”

“கலியபெருமாள்!”

“பிரசான்!”

நேரம் செல்லச் செல்லக் குரல் தேய்ந்தது. ஒருமுறை நான் கூவினேன், விடை இல்லை. மறுபடியும் கூவினேன், இல்லை. கால் பின்ன ஓடிப் பார்த்தால், அவர் கூடாரக் கம்பத்தில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. குனிந்து காதை வைத்தேன். “சொன்னேன் புலவரே. சத்தம்தான் வெளிய வரல.” அந்த முகத்தைத்தான் புத்தாண்டுக்கு முந்திய காலையில் என் வீட்டு நடையில் மீண்டும் கண்டேன்.

நகரில் நடந்ததைப் பின்னர் அறிந்தோம். சவரிராயனார் அப்போது கடுங்காய்ச்சலால் படை மருத்துவமனையில் படுத்திருந்தார். புதிய கப்பித்தேன் விழா வேலைகளின் விரைவில், “எல்லாரும் இருக்கிறார்கள் அல்லவா? பெயர் கூவுதல் வேண்டாம், உங்கள் சொல்லே போதும்” என்று பழையவரிடம் சொல்லிக் கொடியை வாங்கிக்கொண்டார். பாசறையில் விட்ட ஆட்களையும் வண்டி ஏற்றி வந்துவிட்டதாகவே இருவரும் எண்ணினார்கள். பழையவர் வானூர்தி ஏறிவிட்டார். கொடியவர் எவரும் இல்லை, தோழர்களே. வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கிய நல்லவர்கள்தாம் எங்களைச் சாவின் வாயில் வைத்தார்கள். நான் நடுங்குவது அதனால்தான்.

திருநாள் நண்பகல் விருந்துக்குச் சவரிராயனார் காய்ச்சல் தணிந்து வந்து அமர்ந்தார். விருந்துக்கு முன் குடிலின் எதிரில் ஒவ்வொரு நாட்டு வீரரும் தத்தம் மொழியில் ஒரு பாட்டுப் பாடுவது எங்கள் பிரிவின் பழக்கம். தமிழர் சார்பில் குழந்தை ஏசுவுக்குத் தாலாட்டுப் பாடுபவர் யார் தெரியுமா? அரியாங்குப்பத்து அம்மன் கோயிலில் தீமிதித்த இந்தக் கலியபெருமாள்தான்! அவர் குரல் அப்படி. தமிழரின் முறை வந்தது. ஒருவரும் எழவில்லை.

“கலியன் எங்கடா?” என்றார் சவரிராயனார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “புலவன் எங்க?”

அன்று அந்த விருந்தில் இருந்த இஞ்ஞாசியார் இதை எனக்குச் சொல்லியிருக்கிறார். சவரிராயனார் நேரே கப்பித்தேனிடம் சென்றார். திருநாளன்று வண்டி எதுவும் வெளியே போகாது, நாளை பார்க்கலாம் என்பது விடை. நாளை என்றால் இரண்டு பிணங்களைத்தான் ஏற்றிவர வேண்டியிருக்கும் என்று சொல்லி, முறைப்படி வணக்கம் செலுத்தி, வண்டிக் கொட்டகைக்குப் போய்த் தாமே சரக்குந்தை ஓட்டிப் புறப்பட்டார்.

பொழுது சாயும் வேளையில் புழுதி எழுவதைக் கண்டோம். மேட்டு மனிதர்கள்தாம் என்று அஞ்சித் துப்பாக்கியை எடுத்தேன், கை தாங்கவில்லை. புழுதிக்குள்ளிருந்து முதலில் வந்தது வண்டி அன்று, குரல். என் பெயரையும் கலியபெருமாள் பெயரையும், தந்தை பெயரோடு, வரிசையில் கூவுவதுபோல் கூவியது அந்தக் குரல்.

ஈரத்துணியால் எங்கள் உதடுகளை நனைத்தார். “ஒரே மடக்கா குடிச்சா செத்துருவீங்கடா. நாக்க மட்டும் நனை, மெதுவா.” காய்ச்சல் உடம்பு நடுங்க, சக்கரத்தில் சாய்ந்தபடி பிறகு சொன்னார்: “பேரு கூப்புடாம ஒருத்தன வுட்டுட்டுப் போறதும், அவனக் கொன்னுட்டுப் போறதும் ஒண்ணுதான்டா.”

ஆணை மீறியதற்கு அவர் தண்டிக்கப்பட்டார். அடுத்த பதவி அவருக்கு வரவே இல்லை. அட்ஜுடானாகவே ஊர் திரும்பினார். ஒருநாளும் அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நம் முன்னாள் படைவீரர் கழகத் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தீர்கள். மனைவியார் மறைந்துவிட்டார், மகள் பாரிசில். நாள்தோறும் காலையில் மிதிவண்டியில் புறப்படுவார். தனித்து வாழும் படைவீரர், அவர்தம் கைம்பெண்டிர் ஒவ்வொருவர் வீட்டின் முன்னும் மணியடித்துப் பெயர் கூவுவார். “பிரசான்!” என்று உள்ளிருந்து குரல் வந்தால்தான் அடுத்த தெரு. எந்தத் தாளும் அவர் கையில் இராது. அத்தனை பெயரும் நெஞ்சில் இருந்தன.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இஞ்ஞாசியார் ஒருநாள் சலித்துப்போய், “செத்துட்டேன், போய்யா!” என்று உள்ளிருந்து கத்தினார்.

“செத்தவன் பேசக் கூடாது. வெளிய வந்து செத்துட்டேன்னு சொல்லு!”

“தூங்க வுடமாட்டியா? உனக்கு வேற வேல இல்லியா?”

“இல்லடா. இது ஒண்ணுதான் வேல.”

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இந்தத் திருநாளுக்குச் சில நாட்கள் முன்பு, முழங்கால் வலியால் தலைமையை விட்டிறங்கினார். புதிய தலைவர் பொறுப்பேற்றார். மாலைகள், இனிப்புகள், குவளைகள், கைதட்டல். சவரிராயனார் எழுந்து, “பேருங்கள ஒருவாட்டி கூப்பிட்டுடலாமா?” என்றார். புதிய தலைவர் அன்போடு அவர் தோளைத் தொட்டு, “எல்லாரும் நம்மாளுங்கதானே அட்ஜுடான். பண்டிகை முடியட்டும், பாத்துக்கலாம். நீங்க ரெஸ்ட் எடுங்க” என்றார். அனைவரும் கைதட்டினோம். கைதட்டாதவர் கலியபெருமாள் ஒருவரே.

மறுநாள் முதல் எந்தத் தெருவிலும் மணி ஒலிக்கவில்லை. விழா நாட்கள் அல்லவா? மற்றவர்களைக் காணப் பிள்ளைகள் வந்தார்கள், உறவினர் வந்தார்கள், பிழைத்தார்கள். சவரிராயனார் வீட்டுக்கு எவரும் வரவில்லை. எண்ணிப் பாருங்கள்: அவர் தலைவராக இருந்த காலத்திலும் அவர் பெயரைக் கூவியவர் இல்லை, கூவுபவர் அவர்தாமே!

பால் விற்கும் அம்மையார் என்னிடம் கதறினார். “கதவத் தட்டிப் பாத்தேங்க. பண்டிகைக்கி எங்கனா போயிருப்பாருன்னு நெனச்சி வந்துட்டேங்க. மறுக்கா வந்தப்பதான் சந்தேகம் வந்து ஆளுங்களக் கூப்பிட்டேன்.” விழுந்ததால் அவர் இறக்கவில்லை, தண்ணீரின்றிக் கிடந்ததே உயிரைக் குடித்தது என்றார் மருத்துவர். பாலைவனத்தில் எங்கள் உதட்டை நனைத்தவர் அவர்!

சுவருக்கு அப்பால் குடியிருப்பவர் தலைகுனிந்து சொன்னதைக் கேளுங்கள். “லேசா ஒரு சத்தம் கேட்டுச்சுங்க. ரேடியோ பாடுதுன்னு நெனச்சேன். பிரசான், பிரசான்னு ஒரே வார்த்த. அப்புறம் அதுவும் நின்னுடுச்சு.”

கூவாத அழைப்புக்கு அவர் விடை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார், தோழர்களே. எனக்கு அச்சமாக இருக்கிறது. மேட்டில் நின்ற துப்பாக்கிகளைக் கண்டபோது வந்ததை விடப் பெரிய அச்சம், நம் கைதட்டலை நினைக்கும்போது வருகிறது.

புதிய தலைவர் அவர்களே! படத்திறப்பு வேண்டாம், மலர்வளையம் வேண்டாம். இம்மன்றத்தின் வாயிலில் ஒரு மிதிவண்டி சாய்ந்து நிற்கிறது. சவரிராயனார் வீட்டு முற்றத்தில் தனித்து நின்றதை நானும் கலியபெருமாளும் தள்ளிக்கொண்டு வந்தோம். இங்கே வராமல் வீட்டிலேயே இருக்கும் முதியோர் எத்தனை பேர் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது; சவரிராயனார் சென்ற தெருக்கள் இஞ்ஞாசியாருக்கும் கலியபெருமாளுக்கும் தெரியும். அவர்களை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாயிலிலும் பெயர் கூவுங்கள். கடைசியாக உங்கள் பெயரை நான் கூவுவேன். நீங்கள் விடை சொல்ல வேண்டும். கூவுபவரையும் கூவ ஒருவர் வேண்டும்!

அட்ஜுடான் சவரிராயன்!

கேட்டீர்களா இந்த அமைதியை? சென்று வாருங்கள், ஐயா. காவல் எங்களுடையது.

தலைவரே, வெயில் இன்னும் இருக்கிறது. கையிலிருக்கும் மாலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருங்கள். மணியை அடியுங்கள். நாளை அன்று, இப்போது!