கல்லுக்கு வந்த கத்தி

மடவார் வளாகம் கிருபாபாய் சாணை பிடித்த கத்தியால் நறுக்கினால், தான் நறுக்குப்பட்ட சேதியே வெங்காயத்துக்கு மறுநாள்தான் தெரியும். மேற்கு மலை இன்னும் முழுசாக நிற்பதற்குக் காரணம், அவள் அந்தத் திசையில் கத்தியை ஓங்காததுதான்.

இந்த இரண்டு வரியையும் ஒரு பலகையில் சாக்பீஸால் எழுதி, அவளுடைய சாணைவண்டிக்கு மேலே வேப்பங்கிளையில் கட்டியவன் பால்பாண்டி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்துவிட்டு, எதிர்த்த லேத்துப் பட்டறையில் இரும்பு கடைகிற டூல்களைத் தீட்டிக்கொண்டிருந்தான். கிண்டலுக்குத்தான் எழுதினான். அவள் எழுத்துக் கூட்டிப் படித்து, மலையை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். முடிவெட்டுகிறவர்களும் கறிக்கடைக்காரர்களும் படித்துச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். சிரித்தாலும் வந்தார்கள்.

கிருபாபாய்க்குச் சீதனமாக வந்தது கட்டிலும் பீரோவும் இல்லை. காலால் மிதிக்கிற அந்தச் சாணைவண்டிதான். புருஷன் சோலைராஜுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. அவர் கொண்டுவருகிற கழிவுப் பஞ்சில் கத்தியை இழுத்துப் பார்ப்பாள். ஒரு நூல் சிக்கினாலும் கத்தி மறுபடி கல்லுக்குப் போகும். கல்லுக்கு வந்த கத்தி மொட்டையாகத் திரும்பக் கூடாது என்பது அவள் பிடிவாதம். அப்படி ஒன்று திரும்பினால் அன்றோடு வண்டியை விற்றுவிடுவதாக ஊரறியச் சொல்லியும் வைத்திருந்தாள்.

எண்பத்தெட்டு ஆவணியில் பலகையை நம்பி ஒருவர் வந்துவிட்டார். முத்துவீரன், பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவர். அய்யனார் கோவில் பாதையில் அவருக்கு மாந்தோப்பு. பட்டுப்போய்க்கொண்டிருந்த தாய்மரத்தில் குச்சி எடுத்து, லீவு முடியுமுன் கன்றுகளில் ஒட்டுக்கட்ட வேண்டும். உள்ளூர்க் கத்திகள் நாலு குச்சி சீவுவதற்குள் மழுங்கின. அவரிடம் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. சீமை உருக்கு, லேசில் மழுங்காது. ஆனால் அதன் வாய் கோடாலி மாதிரித் தடிப்பு. குச்சியைச் சீவச் சொன்னால் பிளந்தது. வாயை மெலிதாக இறக்கித் தர வேண்டும் என்று சொல்லி, கத்தியைத் தரையில் வைத்தார். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். கிருபாபாய் அதை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வரச் சொன்னாள்.

கல் அதன்மேல் கண்ணாடியில் போவதுபோல வழுக்கியது. மழுங்காத உருக்கு தேயவும் மாட்டேன் என்றது. அழுத்தினால் சூடேறி நீலம் பாயும். அதற்குப் பிறகு அது கத்தியில்லை, தகரம். வாளித் தண்ணீரில் முக்கி முக்கி மிதித்தாள். கத்தி அப்படியே இருந்தது, கல்தான் பள்ளமானது.

பட்டறை வாசலிலிருந்து பால்பாண்டி சொன்னான்: "அத்தை, கத்திதான் ஒங்க கல்லுக்குச் சாணை பிடிக்கி."

அவள் வாளித் தண்ணீரை மாற்றிவிட்டு மறுபடி மிதித்தாள். வியாழக்கிழமை வேலைக்கு நடுவிலேயே சக்கரத்தின் தோல்வாரைக் கழற்றிச் சுருட்டி, வண்டி வாங்க ஆள் இருக்கிறதா என்று டீக்கடையில் விசாரிக்கப் போனாள். எதிர்ப்பக்கமிருந்து கிண்டல் எதுவும் வரவில்லை.

திரும்பி வந்தபோது வாளிக்குள் ஒரு உடைந்த கல் கிடந்தது, பாதித் தோசை அளவுக்கு. யாருடையது என்று கேட்டதற்கு அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. பால்பாண்டி, கல்லா, எந்தக் கல் என்றான். கத்தியை அதில் ஒரு இழுப்பு இழுத்தாள். தண்ணீர் கறுத்தது. உருக்கு கரைந்தால்தான் அப்படிக் கறுக்கும். கல்லை மடியில் வைத்துக் கையாலேயே தேய்த்தாள். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு என்று அவசரப்படாமல். கல்லும் கையும் முந்தானையும் கரிக்கட்டை நிறத்துக்கு வந்தன. வெள்ளிக்கிழமை பஞ்சில் இழுத்துப் பார்த்தாள். ஒரு நூல் சிக்கவில்லை.

முத்துவீரன் அங்கேயே ஒரு மாங்குச்சியைச் சீவினார். சீவின முகம் நேராக, ஈரமாக மினுங்கியது. அவர் அதைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எதுலக்கா தீட்டுனிய?" என்றார்.

அவள் கல்லைக் காட்டினாள். கருங்கல்லிலா இம்புட்டுக் கூர்மை என்று அதிசயப்பட்டுக்கொண்டே அவர் தோப்புக்குப் பஸ் ஏறப் போனார். டீக்கடைக்காரரும் வந்து பார்த்துக் கருங்கல்தான் என்று சாட்சி சொன்னார். கிருபாபாய் யாரையும் திருத்தவில்லை. சுருட்டி வைத்த வாரை எடுத்துச் சக்கரத்தில் மாட்டினாள்.

மாட்டிவிட்டு நிமிர்ந்தால், பலகையில் மூன்றாவதாக ஒரு வரி ஏறியிருந்தது: 'இரும்பையே தின்னும் பச்சைக்கல் வசதி உண்டு.' எழுதியவன் சாக்பீஸும் கையுமாகத் தள்ளி நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் நிதானமாக எழுத்துக் கூட்டினாள். வண்டியில் கிடந்த கல்லை எடுத்து, ஓரத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். கறுப்பு விலகி, விரல் நகம் அளவுக்குப் பச்சை தெரிந்தது.

"ஏலே, பார்த்தவிய அம்புட்டுப் பேரும் கருங்கல்லுன்னுதான சொன்னாவ. இது பச்சைன்னு ஒனக்கு மட்டும் யாருலே சொன்னா?"