குழல் குறையக் குறைய

தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவருடைய மனைவிக்குக் குரலே இல்லை. காற்றுதான் வரும். அந்தக் காற்றைப் பிடித்துக்கொள்ள அவருக்கு மிஞ்சியிருந்தது இடது காது ஒன்றுதான். சாப்பிட உட்கார்ந்தால் இடது பக்கத்தை அவளுக்கு விட்டுத்தான் உட்காருவார்.

"நான் ஊரை விட்டே ஓடிப்போறேன்னு சொன்னாலும் ஆமா ஆமான்னு தலையாட்டுவீங்க" என்பாள் அவள்.

"எங்க போனாலும் இடது பக்கமா நின்னு சொல்லிட்டுப் போ" என்பார் அவர்.

துப்பாக்கித் தொழிற்சாலையில் அவர் குழல் சோதிக்கிறவர். காது மந்தமானவர்கள் எல்லாரையும் போல அவரும் உரக்கப் பேசுவார். அதனால் அங்கே அவருக்குப் பீரங்கி என்று பெயர். வேலை இதுதான். நீளமான குழல் ஒன்றை இரும்புப் பிடியில் இறுக்கி, தள்ளி நின்று கயிற்றை இழுத்துச் சுடுவார். எதிரே இரண்டு சட்டங்கள் நிற்கும். ஒன்றைக் கடந்து அடுத்ததைக் கடக்கக் குண்டு எடுக்கும் நேரத்தைப் பார்த்துக் கருவி வேகத்தைச் சொல்லும். பிறகு குழலைக் கடைசல் இயந்திரத்தில் கொடுத்து ஓர் அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி சுடுவார். அப்புறம் இன்னும் ஓர் அங்குலம். குழல் குறையக் குறைய வேகம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கத்தான் இது.

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கருவியைப் பார்க்கிறவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. அவன் வேலைக்கு வந்த புதிதில் அவர் சொன்னது: "வண்டியைத் தள்ளுற மாதிரிதான் மாப்ளே. ரொம்ப தூரம் தள்ளினா வேகமா ஓடும், பாதியில கையை எடுத்துட்டா மெதுவாத்தான் போகும். தோட்டா மருந்து எரிஞ்சு வர்ற புகைதான் தள்ளுற கை. குழல் முடிஞ்சா கை முடிஞ்சுது. மிச்ச மருந்து வெளியில எரியும். நெருப்பு நமக்கு, சத்தமும் நமக்கு."

முதலில் வெட்டுகிற அங்குலங்களில் வேகம் பெரிதாகக் குறையாது. போகப் போக ஒவ்வொரு அங்குலமும் நிறையத் தின்றுவிடும். அவர் காதும் அப்படித்தான் போயிற்று. பல வருஷம் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் மளமளவென்று போய்விட்டது.

காதுமூடி இருக்கத்தான் இருந்தது. ஆனால் அங்கே பழைய ஆட்களுக்கு ஒரு பழக்கம், சுடும்போது ஒரு பக்கத்து மூடியைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வார்கள். நமத்த தோட்டா என்றால் சத்தம் 'டப்'பென்று செத்து விழும், குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடித்துவிடும். அதனால் காதை நம்பித்தான் வேலை. அவர் வலது பக்கத்தைத் தூக்கித் தூக்கியே அந்தக் காதைத் தொலைத்தார்.

இடதையாவது காப்பாற்றிக்கொள்ளும்படி காது டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். இப்போது சோதிக்கிற இந்தக் குழல் முடிந்ததும் வேறு பிரிவு கேட்பதாக மனைவியிடம் சத்தியம் செய்திருந்தார். கடவுள் சாட்சியாகத்தான் செய்தார்.

அன்று வண்டியில் போகும் காவலர்களுக்கான குட்டைத் துப்பாக்கிக்குக் குழலை முழங்கை நீளத்துக்கும் கீழே கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியில் கருவியும் அடிக்கடி எண் காட்டாமல் விட்டுவிடும். வலது காதால் இனி பயனில்லை என்பதால் அவர் இடது மூடியைத் தூக்கியிருந்தார். இன்னும் கொஞ்சம்தானே என்று நினைத்தார்.

கயிற்றை இழுத்தார். 'டப்'.

அவர் திரும்பிப் பார்த்தார். மச்சினன் காதுமூடியைக் கழற்றிவிட்டு, கையை விரித்து, உரக்கச் சொன்னான்: "நம்பர் வரலை மாமா! கருவி மறுபடி கண்ணை மூடிக்கிச்சு!"

"சத்தம் எப்படி இருந்துச்சு?"

"நான் கண்ணாடிக்குள்ள இருந்தேன், ரெண்டு மூடியும் மாட்டிக்கிட்டு! எனக்கென்ன தெரியும்? நீங்கதானே காது!"

குழலுக்குள் கம்பி விட்டுப் பார்த்திருக்கலாம். எடுக்கக் கையும் நீண்டது. ஆனால் காலையில்தான் மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் கேலி செய்திருந்தார்: "பீரங்கிக்கு இப்போ இடியே கொசுக்கடி மாதிரிதான் கேக்குது." அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இடதும் போகத் தொடங்கிவிட்டதோ, அதனால்தான் வெடிச்சத்தம் செத்த மாதிரி கேட்டதோ? துப்பாக்கி சரியாகத்தான் சுட்டிருக்கும், பழுது என் காதில்தான் என்று முடிவு கட்டிவிட்டார். இத்தனை வருஷமாக நம்பிய காதை, அது உண்மை சொன்ன அந்த ஒரு தடவை அவர் நம்பவில்லை.

அடுத்த தோட்டாவைப் போட்டு இழுத்தார்.

குழல் வாழைப்பூ மாதிரி விரிந்துவிட்டது. இரும்புப் பிடி தாங்கியது, கண்ணாடியும் தாங்கியது. கடவுள் கிருபையால் யார் மேலும் ஒரு துணுக்குகூடப் படவில்லை. மச்சினன் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். அவன் வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

மாலையில் அவன்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தான். வாசலிலேயே அக்காவிடம் எல்லாம் சொல்லியிருக்க வேண்டும், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் குனிந்து அவருடைய இடது காதில் வாயை வைத்துக் கத்தினான். அவருக்கு மூச்சின் சூடு மட்டும் தெரிந்தது. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாததைக் கண்டு அவள் சட்டென்று தம்பியை இழுத்து அவன் வாயைக் கையால் பொத்தினாள். பிறகு அவனைப் பார்த்து ஏதோ சொன்னாள்; அந்தக் காற்று அவரை எட்டவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் என்ன சொன்னாள் என்று கேட்க அவர் வாயெடுத்தார். தன் குரலே தனக்குக் கேட்காமல் போகவே, பாதியில் நிறுத்திக்கொண்டார்.