எண்பத்து மூன்றின் முதல் ஆறு மாதக் கேசட்டுகள்

வருடத்தின் நடுவில் நின்று, அதுவரை வந்த கேசட்டுகளில் எவை நல்லவை என்று பட்டியல் போடும் பழக்கத்தை நானும் என் நண்பனும் எழுபத்தெட்டில் தொடங்கினோம். டிசம்பர் வரை காத்திருந்தால் ஜனவரியில் கேட்டதெல்லாம் மங்கிவிடும் என்பது என் வாதம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி இருக்கும், வேறு எதற்கும் நேரம் இராது என்பது அவன் வாதம். இருவருக்கும் ஒத்துவந்தது ஜூன் கடைசி ஞாயிறு. அப்படி ஆறு பட்டியல்கள் போட்டோம். ஏழாவது இல்லை. ஆறாவது பட்டியலுக்கான கேசட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த அரையாண்டில் அவனுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. ஏப்ரல் வரை அது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அவன் மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். சுங்கைப் பட்டாணிக்கு வெளியே மரம் அறுக்கும் ஆலை ஒன்றில் ரம்பத்தில் நின்றான். ஞாயிறு காலை தேவாலயப் பூசையில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசித்தான். நான் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். எதையும் ஆண்டு, மாதம் போட்டுக் குறித்து வைப்பது என் சுபாவம். அவன் அதைக் கிண்டல் செய்துகொண்டே, சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்பான்.

எங்கள் பட்டியலுக்குச் சட்டம் உண்டு. சினிமாப் பாட்டு கூடாது. பெரிய கம்பெனி போட்ட கேசட் கூடாது. சொந்தமாக எழுதி, சொந்தச் செலவில் பதிவு செய்து, தாங்களே கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற ராக் குழுக்கள் மட்டும்தான். அப்படிப்பட்ட குழுக்கள் அதிகம் இல்லை. இருந்தவையும் இரண்டு கேசட்டுக்கு மேல் தாங்கவில்லை. யாராவது ஒருவருக்குக் கல்யாணம் ஆகும், அல்லது சிங்கப்பூரில் வேலை கிடைக்கும், அதோடு முடிந்தது. அதனால் ஒவ்வொரு கேசட்டையும் அந்தக் குழுவின் கடைசிக் கேசட் என்று நினைத்தே கேட்போம்.

இதையெல்லாம் வாங்கி வைத்தது நகரத்தில் ஒரே ஒரு கடை. அதை நடத்தியவரை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். பக்திப் பாட்டும் சினிமாப் பாட்டும் அவருக்குச் சோறு போட்டன. எங்களுடைய சரக்கைக் கீழ்த் தட்டில், பழைய காலண்டர்களோடு வைத்திருந்தார். ஆனாலும் நாங்கள் கொண்டுபோகும் பட்டியலை வருடா வருடம் கண்ணாடிக் கதவில் ஒட்ட விட்டார்.

"கல்யாணம் கட்டிப் புள்ள பெக்குற வயசுல ரெண்டு பேரும் ஸ்பீக்கர்ல காத வச்சிக்கிட்டு நிக்கிறீங்களே லா" என்பார்.

"நீங்க பாருங்கக்கா ஒரு பொண்ணு. இந்தப் பாட்டு புடிச்ச பொண்ணா பாருங்க" என்பான் அவன்.

"இந்தப் பாட்டா? அப்ப அந்தப் பொண்ணு செவிடாத்தான் இருக்கணும்."

மூவரும் சிரிப்போம். அதைச் சொல்லாத வாரமே கிடையாது.

எண்பத்து மூன்றின் முதல் நல்ல கேசட் தைப்பூசம் முடிந்த வாரம் கிடைத்தது. அலோர் ஸ்டார் பக்கத்து மலாய் இளைஞர்கள் மூவர். வயல்வெளி நடுவில் ஒரு வீட்டில் பதிந்திருக்க வேண்டும், இரண்டு பாட்டுகளின் இடையே தவளைச் சத்தம் கேட்டது. பாடியவனுக்குப் பெரிய குரல் இல்லை. அது அவனுக்கே தெரிந்திருந்ததால் கத்தவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலப் பாடினான். பேஸ் கிட்டார்தான் அந்தக் கேசட்டின் முதுகெலும்பு. நான் நாள் முழுக்கக் கேட்டேன். அவனுக்கும் பிடித்தது. ஒரு குறை மட்டும் சொன்னான்: எல்லாம் துணி போட்டு மூடியது போல இருக்கிறது, டிரம் அடிக்கிறவனுக்குச் சிம்பல் என்று பித்தளைத் தட்டு ஒன்று இருப்பதே தெரியாதா என்று. வீட்டுப் பதிவு அப்படித்தான் இருக்கும் என்றேன். எனக்குச் சிம்பல் நன்றாகவே கேட்டிருந்தது. அவன் அதைவிட நல்ல பதிவை எதிர்பார்க்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் வந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து. பட்டர்வொர்த் விமானத் தளத்தில் இருந்த ஆஸ்திரேலியர்கள் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு வீட்டில் நான் ஒரு இசைத்தட்டும், அவன், இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறிய கேசட் பிளேயர் ஒன்றும் வாங்கினோம். அந்த பிளேயரில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கலாம். எங்களுக்காகவே செய்தது போல இருந்தது. இசைத்தட்டைக் கேசட்டில் ஏற்றிக்கொண்டோம். பெண் ஒருத்தி சொந்தச் செலவில் பதிந்து பாடியது, அதனால் எங்கள் சட்டத்துக்கு ஒத்துவந்தது. எல்லாப் பாட்டும் ஒரே வீட்டைப் பற்றியவை. கூடம், சமையலறை, பூட்டிய அறை என்று ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் வாசலில் முடியும். அதற்குப் பிறகு அப்படி அமைத்த வேறொரு தொகுப்பை நான் கேட்டதில்லை.

அதைக் கேட்கும்போது அவன் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனான். இரண்டு ஹெட்போனுக்கும் ஒரே திருகுதான். என் காது வலிக்க, நான் என்னுடையதைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். அவளுடைய சொற்களில் பாதி விழுங்கப்பட்டுவிட்டன என்று குறைப்பட்டான். அடுத்த வாரம் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டுவந்து பிளேயரில் டேப் உரசும் ஹெட்டைத் துடைத்தான். அதற்கடுத்த வாரமும் துடைத்தான். ஹெட்போனை மாற்றினான். மார்ச்சில் ரேடியோ பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோனான். அவர் திறந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். அந்த மனுசனுக்குத் தொழில் தெரியவில்லை என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். கேசட் கேட்கிறவர்கள் அப்படித்தான். சத்தம் மங்கினால் முதலில் ஹெட்டைச் சந்தேகிப்போம், பிறகு டேப்பை, பிறகு பதிந்தவனை. அதற்கு மேல் யோசித்துப் பழக்கமில்லை.

ஏப்ரலில் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கரங்கான் பக்கத்துத் தோட்டத்துக் குழுவின் கேசட் வந்தது. டிரம் அடிக்கிறவனே மோட்டார் சைக்கிளில், காய்கறிக் கூடையில் கேசட்டுகளைப் போட்டுக்கொண்டு வந்தான். தமிழில், சொந்தமாக எழுதிய ராக் பாட்டுகள். அதற்கு முன் அப்படி ஒன்று எங்கள் கைக்கு வந்ததில்லை. தோட்டத்து மண்டபத்தில் பதிந்தார்களாம். கொடுக்கும்போதே மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னான்:

"கடைசிப் பாட்டுல மட்டும் ஜெனரேட்டர நிப்பாட்டிட்டாங்கண்ணே. திருப்பி அடிக்கலாம்னா பேஸ் வாசிச்சவன் மறுநாளு சிங்கப்பூருக்குப் போயிட்டான். அப்படியே விட்டுட்டோம்."

கடையின் பின்புறம் சோடாப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டோம். முதல் பாட்டு சிம்பலில் தொடங்கியது. வேறு எந்த வாத்தியமும் இல்லை. மெல்லிய குச்சியால் ஓரத்தில் தட்டித் தட்டி, தூறலை அப்படியே கொண்டுவந்திருந்தான். விடிகாலையில் ரப்பர் இலையிலும் பால் பிடிக்கும் மங்கிலும் விழுகிற தூறல். அன்றைக்குப் பால் வெட்டப் போக முடியாது, கூலியும் கிடையாது. தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். என் தலை தானாக ஆடியது.

அவன் பிளேயரை நிறுத்தினான்.

"காலி கேசட்டுடா இது. பாவம், ஏறவே இல்ல."

"ஓடிக்கிட்டுத்தானே இருக்கு."

"எங்க ஓடுது?"

முதலிலிருந்து போட்டோம். நான் தாளத்தோடு போய்க்கொண்டிருந்தேன். அவன் பிளேயரின் சிறிய கண்ணாடி வழியாகச் சக்கரம் சுற்றுவதைப் பார்த்தபடி காத்திருந்தான். என் ஹெட்போனை அவனுக்கு மாட்டி, அவனுடையதை நான் மாட்டிக்கொண்டேன். எனக்கு மழை பெய்தது. அவன் காத்திருந்தான். கிட்டார் நுழைந்ததும் அவன் முகம் தெளிந்தது.

"இப்பதான் ஆரம்பிக்குது."

"மச்சான், அதுக்கு முன்னால சிம்பல் இருக்கு."

"இல்ல."

"இருக்குடா. மழ மாதிரி."

அவன் என்னோடு சண்டை போடவில்லை. எழுந்து போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர் தலையில் இருந்த பூ கசங்காமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நின்றபடியே கேட்டார். எங்கள் கேசட் ஒன்றை அவர் காது கொடுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தூத்தல் போடுற மாதிரில்ல இருக்கு. இது நல்லாருக்கே லா" என்றார்.

அவன் ஹெட்போனை வாங்கி, வயரைச் சுற்றிப் பையில் வைத்தான். பஞ்சும் ஸ்பிரிட் புட்டியும் பெட்டிமேல் இருந்தன. அவற்றை எடுத்துக்கொள்ளாமல் போனான். என்ன நடந்தது என்று அக்கா என்னிடம் கேட்டார். சொன்னேன். அந்தச் செவிட்டுப் பெண் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை. எங்களுக்குக் கல்யாணப் பேச்சு என்று ஒன்றுகூட அந்தக் கடையில் மீண்டும் நடக்கவில்லை.

மே மாதம் அரசாங்க மருத்துவமனைக்கு அவனோடு நானும் போனேன். மெலிந்த, கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் போகும், அவை போய்விட்டன, திரும்ப வராது என்று மருத்துவர் சொன்னார். ரம்பத்தின் பக்கத்தில் நின்றால் மிச்சமும் போகும் என்றார். மிச்சம் எத்தனை வருடம் இருக்கும் என்று அவன் கேட்டான். அவர் ஆலைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஆலையில் வெளியே பலகை அடுக்குகிற வேலைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அங்கேயும் ரம்பம் கேட்கத்தான் செய்தது. தேவாலயத்தில், பூசைக்கு முன்னால் அவன் சுருதி சேர்த்து வைத்த கிட்டாரைப் பாடகர் குழுவில் இருந்த ஒருவர் அவன் பார்க்காத நேரத்தில் எடுத்துச் சரிசெய்து வைக்க ஆரம்பித்தார். மெல்லிய தந்திகள் இரண்டும் விலகியிருக்குமாம். கொஞ்ச நாளில் அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. கிட்டாரைப் பெட்டியோடு அங்கேயே விட்டுவிட்டு, பூசையில் பின் வரிசையில் உட்கார்ந்தான்.

ஜூன் கடைசி ஞாயிறு அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். முஸ்லிம்களின் நோன்பு மாதம் ஆதலால் கடைத்தெரு அமைதியாக இருந்தது. அதே சோடாப் பெட்டிகள். சுருக்கமாகப் பேசினோம். பினாங்கு மாணவர்களின் கேசட் ஒன்று இருந்தது, ஆர்கனும் அவசரமும் நிறைந்தது. அதை ஐந்தாவது இடத்தில் வைத்தோம். ஈப்போ குழு ஒன்றின் இரண்டாவது கேசட் நான்காவது. அவர்களுடைய முதல் கேசட்டில் இருந்த பயம் இதில் இல்லை, அதுதான் குறை. வீட்டைப் பற்றிப் பாடிய ஆஸ்திரேலியப் பெண் மூன்றாவது. மலாய் இளைஞர்களுக்கு இரண்டாவது இடம். கரங்கான் முதலாவதாக வர வேண்டும் என்று நான் சொன்னேன்.

"கேக்காத ஒண்ணுக்கு நான் எப்படிடா முதல் எடம் குடுக்கிறது?" என்றான்.

தமிழில் வந்த முதல் கேசட், பாட்டெல்லாம் சொந்தம் என்று வழக்கமான காரணங்களைச் சொல்லிப் பார்த்தேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு பிளேயரை எடுத்து, முதல் பாட்டைப் போட்டு, மழை எப்படிப் போகிறது என்று தட்டிக் காட்டச் சொன்னான். நான் பெட்டிப் பலகையில் ஒரு விரலால் தட்டினேன். அவன் என் விரலைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அவன் விரலும் சேர்ந்துகொண்டது. கிட்டார் நுழையும் இடத்துக்கு அவன் சரியாக வந்து சேர்ந்தான்.

"சரி. முதல் எடம் போடு" என்றான். "கிட்டாருக்காக. மழைக்கு நீ மார்க் போட்டுக்க."

எழுதினேன். பட்டியலை முடித்ததும் கடைசிப் பாட்டையும் ஒரு தரம் கேட்டுவிடலாம் என்றான். ஜெனரேட்டர் நின்ற பாட்டு அது. பதிவாகிற நேரத்தில் மின்சாரம் இறங்கி, பதிவு இயந்திரம் தளர்ந்து மெதுவாகச் சுற்றியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் போட்டுக் கேட்கும்போது எல்லாம் தலைகீழாகிவிடும். வாத்தியங்களும் குரலும் வேகமெடுத்து மேலே மேலே ஏறும். ஆண் குரல் பெண் குரலாகி, குழந்தைக் குரலாகி, குருவிச் சத்தமாகி, ஊசி போல மெலிந்து போய்ச் சேரும். பழுதான பாட்டுதான். ஆனாலும் அந்தக் கேசட்டை வேறு எப்படியும் முடித்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றும்.

இருவரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டோம். பாட்டு ஓடியது. குரல் ஏறத் தொடங்கியது. அது குழந்தைக் குரலைத் தாண்டியபோது அவன் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தான். பிறகுதான் என்னைப் பார்த்தான். நான் இன்னும் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு" என்றேன்.

நான் கழற்றும்வரை அவன் கண்ணாடி வழியாகச் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.