ஆயிரம் கண்ணும் ஒரு கேமராவும்

என் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில், ஆட்களை உள்ளே இறக்கும் கேஜில் ஏறுமுன் மற்றவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வார்களாம். இவர் அண்ணாந்து கேஜின் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். சாமி இல்லை என்பது அவர் கட்சி. வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போவது என் கட்சி. இதை வைத்து நாங்கள் ஒரு நாளும் பேச்சை நிறுத்திக்கொண்டதில்லை. பிரசாதப் பொங்கல் என்றால் மட்டும் இரண்டு தொன்னை கேட்பார்.

போன ஆடியில் கோயில் கமிட்டி உண்டியலுக்கு மேலே கேமரா மாட்டியது. டீக்கடையில் இவர், "ஆத்தாவுக்கு ஆயிரம் கண்ணுன்றீங்களே, அப்புறம் கேமரா இன்னாத்துக்கு?" என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் சிரித்தார்கள். கமிட்டியில் புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர், பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவர், சுரங்கக் குடியிருப்பில் பக்கத்து லைன்காரர்தான், அவர் மட்டும் சிரிக்கவில்லை. பேசியதை செல்போனில் பிடித்து, ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார். பக்தர்கள் மனம் புண்பட்டுவிட்டதாம்.

கேஸ் பதிவானால் உள்ளே வைத்துவிடுவார்கள் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். இவருக்கோ சர்க்கரை, வேளைக்கு ஊசி போட வேண்டும். மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"கேள்வி கேட்டதுக்கு எதுக்கு மன்னிப்பு?" என்றார்.

கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் ஸ்டேஷனுக்குக் கூடவே போனேன். புகார் கொடுத்தவரும் அங்கே உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் புகாரைப் படித்துக் காட்டிவிட்டு, "நீங்க பக்தி உள்ளவங்க மாதிரி தெரியுது. இவர் பேசினது தப்புதானேம்மா?" என்று என்னிடம் கேட்டார். என் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்திருப்பார்.

அதுவரை அழுகையை அடக்கிக்கொண்டிருந்த எனக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ.

"சார், என் பொண்ணு பிரசவத்துல உயிருக்குப் போராடிக்கினு இருந்தப்போ, கோயில் வாசல்ல நின்னு, ஆயிரம் கண்ணும் அவிஞ்சி போச்சாடி உனக்குன்னு ஆத்தாவக் கேட்டேன். மண்ண வாரித் தூத்துனேன். புகார் குடுத்த இந்தத் தம்பியோட அம்மாதான் என்னப் புடிச்சிக்கினாங்க. பொண்ணு பொழைச்சி வந்ததும் அதே ஆத்தாவுக்கு மாவிளக்கு போட்டேன். இவரு ஆத்தாவே இல்லன்றவரு. இல்லாதவளப் பத்தி டீக்கடைல பேசினாரு. நான் அவ கீறான்னு நம்பிக்கினே மூஞ்சிக்கு நேரா திட்டினேன். கேஸ் போடறதுன்னா மொதல்ல என்மேல போடுங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். அந்தத் தம்பி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அப்பா சாகக் கெடந்தப்போ எங்கம்மாவும் அப்படித்தான் சார் திட்டினாங்க" என்று சொல்லி, புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் எனக்கு நிம்மதியில் சிரிப்பு வந்தது. இவரோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"போலீஸ் ஸ்டேஷன்ல நின்னு, ஆத்தா கீறான்னு சாட்சி சொல்லி என்ன வெளிய கொண்டாந்துட்டியே. இப்ப என் மனசு புண்பட்டுப் போச்சு. நான் யாராண்ட போய் புகார் குடுக்கறது?"

"ஆத்தாவாண்டயே குடுங்க" என்றேன். "அவ யாரையும் உள்ள வைக்கமாட்டா."